அக்ரா: அறை எடுக்கும் முன்

அக்ராவில் ஓட்டல் அறை பார்க்கிறீர்களா? ஜன்னல் வழியே கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்த ஜன்னலில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கானாவின் தலைநகரில் வாடகையைவிட முக்கியமான விஷயம் அது. அங்கு பரவும் மலேரியாவில் பெரும்பகுதி ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்கி, சில நாட்களில் உயிரை வாங்கக்கூடியது. நம்மூரில் மலேரியா வந்து பிழைத்தவர்கள்கூட அலட்சியமாக இருக்க முடியாது. ஏசி அறைதானே என்ற தைரியமும் உதவாது. மின்சாரம் போனால் ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும்.

மின்வெட்டுக்கு கானாவில் செல்லப்பெயரே உண்டு: 'டும்சோர்'. அணைவதும் எரிவதும் என்று பொருள். 2012-க்குப் பிறகு சில ஆண்டுகள் நாட்டையே உலுக்கிய பிரச்சினை இது. ஆகவே ஜெனரேட்டர் இருக்கிறதா, இரவு முழுக்க ஓடுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அதன் பக்கத்து அறையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மின்னழுத்தம் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான். ஆனால் பல இடங்களில் பிரிட்டிஷ் பாணி சதுர பின் பிளக்தான் பொருந்தும், அடாப்டர் அவசியம்.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். பல் துலக்கவும் சீல் உடைக்காத பாட்டில் தண்ணீரே நல்லது. ஐஸ் கட்டியையும் தவிர்க்கலாம்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காராமணிக் குழம்பும் வறுத்த வாழைப்பழமும் சேர்ந்த 'ரெட் ரெட்', பயறு சேர்த்து வடித்த சோறான 'வாச்சே' இரண்டும் பரவலாகக் கிடைக்கும். ஆனால் தொட்டுக்கொள்ளத் தரும் கறுப்பு நிற 'ஷிட்டோ'வில் கருவாடும் உலர்ந்த இறாலும் உண்டு. குழம்பிலும் மீன் கலந்திருக்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. 'மீனும் வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். பணத்தை இடது கையால் நீட்டாதீர்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் அது அவமரியாதை.

தெற்கு கானாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சஹாராவிலிருந்து புழுதியோடு வீசும் 'ஹர்மட்டான்' காற்று. ஆஸ்துமாக்காரர்கள் மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. திரும்பும்போது இந்தியாவிலும் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். 2016 முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும். அடுத்தது, டாக்டரிடம் கேட்டு மலேரியா தடுப்பு மாத்திரை. சில வகைகளை ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும்.

திரும்பிய சில வாரங்களில், ஏன், சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், வைரஸ் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்: 'மேற்கு ஆப்பிரிக்கா போயிருந்தேன்.' உயிரைக் காப்பது சில சமயம் அந்த ஒரு வாக்கியம்தான்.