ஒரு ஹூக்காவுக்குப் பல உரைகள்

நவம்பர் பிறந்தால் பெங்களூரின் தெருமுனைகளில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏறும். கூடவே ஒலிபெருக்கியும் வந்துவிடும். கன்னட ராஜ்யோத்சவம் நவம்பர் 1ஆம் தேதி ஒரு நாள் என்பது அரசாங்கக் கணக்கு. ஆட்டோ ஸ்டாண்டுகளும் பேட்டைச் சங்கங்களும் முறை வைத்துக்கொண்டு மாதக் கடைசிவரை இழுப்பார்கள். ராஜ்குமார் பாட்டுகளுக்கு நடுவே அப்போது தவறாமல் கேட்கும் ஒன்று ‘குடுகுடியா சேதி நோடோ’. ஹூக்காவை இழுத்துப் பார் என்று கூப்பிடுகிற பாட்டு. விவரம் தெரியாதவர்கள் ஏதோ குத்துப்பாட்டு என்று நினைப்பார்கள். அது வேதாந்தம்.

எழுதியவர் சிசுநாள ஷரீஃப். இன்றைய ஹாவேரி மாவட்டத்தில் இருக்கிற சிசுநாள கிராமத்தில் 1819இல் பிறந்து 1889இல் மறைந்தவர். முஸ்லிம். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். குருவோ களசத்துக் கோவிந்தபட்டர் என்ற பிராமணர். இந்த உறவு அந்தக் காலத்து ஊர்வாய்க்கு எவ்வளவு அவல் கொடுத்திருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்கு அடையாளம் சொல்வதென்றால் குணங்குடி மஸ்தான் சாகிபை நினைத்துக்கொள்ளலாம். மஸ்தான்மேல் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார். இங்கே ஷரீஃப் தன் பாட்டுகளில் கோவிந்தகுருவைப் பாடினார். சிசுநாளத்தில் உள்ள அவர் சமாதிக்கு இன்றும் இரண்டு மதத்தவரும் போகிறார்கள்.

இந்த வகைப் பாட்டுக்கு வடகர்நாடகத்தில் தத்துவபதம் என்று பெயர். ஹூக்காப் பாட்டில் உடம்புதான் குடுவை. மனசு, புகையிலைப் பை. மோகம், அதில் நறுக்கிப் போட வேண்டிய பங்கி இலை. புத்திதான் நெருப்பு. பஜனைக் கூட்டங்களில் ஏக்தாரியும் தாளமும் வைத்துக்கொண்டு இதைப் பாடுவார்கள். நடுவில் ஒரு பெரியவர் நிறுத்தி, குடுவை எது, நெருப்பு எது என்று விளக்குவார். பிறகு மறுபடியும் பாட்டு. ஒரு பதத்துக்கு அரைமணி ஆனாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

ஒலிப்பதிவு வந்ததும் முதலில் காணாமல் போனவர் அந்த விளக்குகிற பெரியவர்தான். ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய பாட்டில் அவருக்கு ஏது இடம்? அதனால் பொருள் சொல்கிற வேலையும் பாடகன் தொண்டையில் வந்து விழுந்தது. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஓர் உரை, பரிமேலழகர் வேறோர் உரை எழுதியதுபோல, இந்தப் பாட்டைப் பதிவு செய்த ஒவ்வொருவரும் ஓர் உரை எழுதியிருக்கிறார் என்றே நான் கேட்டு வருகிறேன்.

பெங்களூரில் அதற்கு வழிவிட்டது கேசட். 1978இல் நிசார் அகமதுவின் கவிதைகளுக்கு மைசூர் அனந்தசாமி இசையமைத்து ‘நித்யோத்சவ’ வெளியானது. கன்னட மெல்லிசையின் முதல் கேசட் என்று அதைத்தான் சொல்வார்கள். கவிதையைக் காசு கொடுத்து வாங்கிக் காதால் கேட்கிற பழக்கம் அப்படித் தொடங்கியது. அந்த அலையில் ஷரீஃபைத் தூக்கி வந்தவர் சி. அஸ்வத். பகலில் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் உத்தியோகம். தமிழர்கள் நிறைய வேலை பார்த்த இடம் அது. அங்கே 27 ஆண்டுகள் இருந்தார். மிச்ச நேரமெல்லாம் நாடகம், மெட்டு, பாட்டு.

அஸ்வத்தின் குரல் அழகானது என்று நான் சொல்ல மாட்டேன். அது மேலே ஏறும்போது கரகரக்கும். சில இடங்களில் பாட்டை விட்டுவிட்டு அதட்டலாகிவிடும். ஆனால் ஹூக்காப் பாட்டுக்கு அந்த அதட்டல் தேவை. “பார்!” என்கிற சொல்லை அவர் வீசும்போது, புகை பிடிக்கக் கூப்பிடுகிறவன் தோழனில்லை, காதைத் திருகுகிற வாத்தியார் என்று கன்னடம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே புரிந்துவிடுகிறது. 1990இல் நாகாபரணா எடுத்த ‘சந்த சிசுநாள ஷரீஃப’ படத்துக்கும் அவர்தான் இசை. ஸ்ரீதர் ஷரீஃபாகவும் கிரீஷ் கர்னாட் கோவிந்தபட்டராகவும் நடித்தார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. தார்வாடு பக்கத்துப் பஜனைக்குள் இருந்த ஷரீஃப், அதற்குப் பிறகு மைசூர் பக்கத்து வீடுகளிலும் சொந்தக்காரர் ஆனார்.

சிவமொக்கா சுப்பண்ணாவும் ஷரீஃபைப் பாடியிருக்கிறார். தொழிலால் வழக்கறிஞர், ‘காடு குதுரே’ படப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவர். அவரிடம் சொல் நிதானமாக, கசங்காமல் வரும். கேட்பவனைத் திட்டாமல் வாதத்தை அடுக்குகிற உரை அது. தத்துவம் தெளிவாக விளங்குகிறது. கொஞ்சம் தூக்கமும் வருகிறது.

2008இல் ரகு தீட்சித் இதே பாட்டைத் தன் முதல் ஆல்பத்தில் சேர்த்தார். லுங்கி, காலில் சலங்கை, பக்கத்தில் கிடாரும் வயலினும் டிரம்ஸும். ஐ.டி. வேலைக்காகப் பெங்களூருக்கு வந்த, கன்னடம் அறியாத கூட்டம் பப்புகளில் நின்று இதைக் கூடவே கத்தியது. எதை இழுக்கச் சொல்கிறார் என்று அவர்களில் பாதிப்பேர் தப்பாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை. குருவின் அதட்டல் போய், ஊர் சுற்றுகிற பித்தனின் குதூகலம் வந்திருக்கிறது. ஷரீஃபுக்குள் இரண்டு ஆளும் இருந்திருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மோட்சத்தைச் சொல்ல ஹூக்காவைத் தேடிப் போவாரா? ஆனால் டிரம்ஸ் ஓங்கும் இடங்களில் புத்தி என்கிற நெருப்பு அணைந்து புகை மட்டும் மிஞ்சுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எது சரியான மெட்டு என்று இந்தப் பாட்டுக்காக யாரும் வழக்குப் போடவில்லை. வேறொரு பாட்டுக்குப் போட்டார்கள். குவெம்பு எழுதிய நாடகீதத்தைக் கர்நாடக அரசு 2004இல் மாநிலப் பாடலாக ஏற்றது. மைசூர் அனந்தசாமி மெட்டா, அஸ்வத் மெட்டா என்று வருஷக்கணக்கில் இழுபறி. 2022இல் அனந்தசாமி மெட்டில் இரண்டரை நிமிடத்துக்குள் பாட வேண்டும் என்று அரசாணை வந்தது. அஸ்வத் மெட்டுக்காக ஒரு பாடகர் உயர் நீதிமன்றம் போனார். 2024இல் அவர் மனு தள்ளுபடியானது. எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டில் 55 விநாடியில் தமிழ்த்தாய் வாழ்த்தை முடிக்கிற நமக்கு அந்த ஆணை புதிதாகத் தோன்றாது. எல்லோரும் எழுந்து நின்று பாடும் பாட்டுக்கு ஒரே மெட்டு வேண்டும்தான். ஷரீஃபுக்கு அரசாணை இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

எங்கள் குடியிருப்பில் சென்ற ஆண்டு ராஜ்யோத்சவத்துக்குப் பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. தீட்சித் பாணியில் சலங்கையெல்லாம் வாங்கியாகிவிட்டது. கமிட்டியில் ஒருவர், சின்னப் பிள்ளைகள் ஹூக்காவைப் பற்றிப் பாடுவதாவது என்று ஆட்சேபித்தார். பெற்றோர் இரண்டு கட்சி ஆனார்கள். ஹுப்பள்ளிக்காரரான மூன்றாம் மாடித் தாத்தாவை எல்லோரும் ‘அஜ்ஜா’ என்போம். அவர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு, குடுவை எது, பை எது, நெருப்பு எது என்று ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் பாடவும் தொடங்கிவிட்டார். அஸ்வத் மெட்டும் இல்லை, தீட்சித் மெட்டும் இல்லை. நான் எந்தப் பதிவிலும் கேட்காத மெட்டு. ஆட்சேபித்தவரே போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைத்தது. பாட்டுக்கு முன்னால் அஜ்ஜா ஐந்து நிமிடம் பேசுவது என்று தீர்மானம். அவர் பேசியது இருபத்தைந்து நிமிடம். அதற்குள் பிள்ளைகள் சலங்கையோடு பானிபூரி ஸ்டால் பக்கம் போய்விட்டார்கள்.