கட்டுண்ட விடுதலை

விடுதலை என்னும் சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி வந்து நின்றால் சற்றே நிதானித்துப் படித்தல் வேண்டும். நிபந்தனை விடுதலை, தற்காலிக விடுதலை என்னும் தொடர்களில் சொல்லின் பாதிப் பொருளை அடைமொழியே விழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் அத்தகைய தொடர் ஒன்று வழங்கி வருகிறது. ‘ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்’ என்பர். கட்டுண்ட விடுதலையாளர் என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம்.

பந்தாட்டத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். அரபு இலக்கணமும் மார்க்கச் சட்டமும் கற்பித்தே தலை நரைத்தவர்கள் நாம். ஆயின் நம் சகோதரியின் மகன் கூடைப்பந்தில் பெரும் ஈடுபாடு கொண்டவன். அவன் ஒருநாள் நம்மிடம் வினவினான்: “மாமா, ஓர் ஆட்டக்காரருக்கு வேறொரு கழகம் நல்ல சம்பளம் தர முன்வருகிறது. பழைய கழகம், ‘அதே சம்பளத்தை நாங்களே தருகிறோம்’ என்று சொல்லிவிட்டால் அவர் போக முடியாதாம். நம் ஷரீஅத் இதை எப்படிப் பார்க்கும்?” வினா சிறிது; விடை அவ்வளவு சிறிதன்று.

முதலில் அவ்வழக்கத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஆண்டுதோறும் நடைபெறும் தெரிவில் முதற்சுற்றில் எடுக்கப்படும் இளைஞர், தம்மை எடுத்த கழகத்தோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். ஊதியம் தெரிவு வரிசைப்படி முன்னரே வகுக்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை. பின் இரண்டும் கழகத்தின் விருப்பத்தைப் பொறுத்தவை. நான்காம் ஆண்டு முடிந்ததும் கழகம் ஓராண்டுக்குரிய ஒரு குறித்த ஊதியத்தை முன்மொழிந்து வைத்தால் போதும். அந்த இளைஞர் கட்டுண்டவராகிறார். பிற கழகங்கள் அவருக்கு ஊதியம் குறித்து முறி எழுதித் தரலாம். பழைய கழகமோ அதே நிபந்தனைகளை ஏற்று அவரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு ஏழு நாள் தவணை இருந்தது. 2011-ஆம் ஆண்டு உடன்பாட்டில் அது மூன்று நாளாயிற்று. பின்னர் மேலும் சுருங்கிற்று. அத்தவணை முடியும் வரை, முறி எழுதிய கழகத்தின் பணம் முடங்கிக் கிடக்கும். ஆகவே, ‘எப்படியும் பழையவர்கள் விடப் போவதில்லை, நாம் ஏன் வீணே கை நீட்டுவது?’ என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். பிறர் கேளாததால் இவருடைய விலை தெரியவருவதில்லை. விலை தெரியாததால் பழைய கழகமும் அவசரப்படுவதில்லை. இளைஞர் கோடை முழுவதும் காத்திருக்கிறார்.

இதனினும் கொடிய நிலை முன்பு இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய கழகத்துக்கே உரியவர் என்பது அன்றைய விதி. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் அதனை எதிர்த்து 1970-இல் வழக்குத் தொடுத்தார். 1976-இல் அஃது உடன்பாட்டில் முடிந்து, அப்பழைய கட்டு அவிழ்ந்தது. அதன் இடத்தில் பின்னர்ப் புகுந்ததே, ஈடு கொடுத்து நிறுத்திக்கொள்ளும் இவ்வுரிமை. 1988-இல் முழு விடுதலைக்கும் வழி பிறந்தது. அவ்வழியில் முதலில் வெளிவந்தவர் டாம் சேம்பர்ஸ். அவர் விரும்பிச் சேர்ந்த கழகம் ஃபீனிக்ஸ் சன்ஸ். அக்கழகத்தின் பெயரை நினைவில் இருத்துக.

மருமகனின் வினாவைக் கேட்டதும் நம் நினைவுக்கு வந்தது ‘ஷுஃப்ஆ’ என்னும் பாடம். கூட்டாக ஒரு நிலத்தை உடையவருள் ஒருவர் தம் பங்கை அயலாருக்கு விற்றால், மற்றப் பங்காளி அதே விலையைக் கொடுத்து அதனைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமை பங்காளிக்கு மட்டுமே. ஹனஃபி மத்ஹபில் வழியும் நீரும் பொதுவாய் உடையவருக்கும், அடுத்த மனைக்காரருக்கும் வரிசைப்படி உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் 1870-இல் இதனைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டதால் நம் பக்கத்து மக்கள் இதனை நடைமுறையில் அறியார். மதரஸாக்களில் பாடமாக மட்டும் ஓதி வருகிறோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இரண்டு வேறுபாடுகள் புலனாகும். ஒன்று, ஷுஃப்ஆ நிலத்துக்கும் மனைக்கும் உரியது. நிலத்துக்குப் போகும் விருப்பமுமில்லை, இருக்கும் விருப்பமுமில்லை. மனிதருக்கோ மனம் உண்டு. மற்றொன்று, உரிமை கோரும் முறை. விற்பனைச் செய்தி காதில் விழுந்த அக்கணமே பங்காளி தம் கோரிக்கையை அறிவித்தல் வேண்டும் என்பது ஹனஃபி நூலார் தீர்ப்பு. அக்கோரிக்கைக்கு ‘முவாஸபா’ என்று பெயர். பாய்ந்தெழுதல் என்பது அதன் பொருள். காரணமின்றித் தாமதித்தால் உரிமை நழுவிப்போம். எடுத்துக்கொள்ள விரும்புபவர் பாய்ந்தெழுதல் வேண்டும். பிறர் விலை கூறட்டும், பார்ப்போம் என்று சாய்ந்திருப்பவருடைய விருப்பம் ஐயத்துக்கு உரியது.

இனி அந்த ஃபீனிக்ஸ் கழகத்துக்கு வருவோம். பஹாமாஸ் தீவில் பிறந்த டியாண்ட்ரே எய்ட்டன் என்னும் நெடிய இளைஞரை 2018-ஆம் ஆண்டுத் தெரிவில் அனைவருக்கும் முதல்வராக அக்கழகம் எடுத்தது. 2021-இல் கழகம் இறுதிப் போட்டி வரை சென்றது. அவர் அதில் முக்கியப் பங்காற்றினார். அதே தெரிவில் அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்ட லூக்கா டான்சிச், ட்ரே யங் ஆகியோருக்கு அவரவர் கழகங்கள் அந்த ஆண்டே விதி அனுமதிக்கும் மிக உயர்ந்த ஊதியத்தை எழுதித் தந்தன. எய்ட்டனும் அதனையே எதிர்பார்த்தார். ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 17 கோடியே 20 இலட்சம் டாலர். கழகம் இசையவில்லை. 2021 அக்டோபரில் தவணை கழிந்தது.

அடுத்த பருவத்தில் அக்கழகம் 64 ஆட்டங்களில் வென்று தன் வரலாற்றிலேயே உயர்ந்த எண்ணிக்கையை எட்டியது. ஆயினும் 2022 மே 15-ஆம் நாள், இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், டல்லஸ் அணியிடம் சொந்த அரங்கிலேயே 123-க்கு 90 என்று தோற்றது. அன்று எய்ட்டன் ஆடியது 17 நிமிடங்களே. ஜூலை 14-இல் இந்தியானா பேசர்ஸ் கழகம் நான்காண்டுக்கு 13 கோடியே 30 இலட்சம் டாலர் என முறி எழுதியது. ஃபீனிக்ஸ் கழகம் அன்றைக்கே அதனை ஈடு செய்து அவரை நிறுத்திக்கொண்டது. ஓராண்டாக வராத சொல், பிறர் ஒருவர் விலை கூறிய அன்றே வந்துவிட்டது!

செப்டம்பரில் செய்தியாளர்கள் அவரைச் சந்தித்தனர். தோற்ற அந்த ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளர் மான்ட்டி வில்லியம்ஸுடன் தாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அவர் தெரிவித்தார். நான்கு மாதங்கள்! 13 கோடி டாலருக்கு மேல் கொடுக்க முன்வந்த இடத்தில் ஒரு நலம் விசாரிப்புக்கு வழியில்லாமற் போயிற்று. மறு ஆண்டு, 2023 செப்டம்பரில், கழகம் அவரைப் போர்ட்லண்டுக்கு மாற்றிவிட்டது.

கோடிக்கணக்கில் பெறுபவருக்காக இரங்குவானேன் என்று ஒரு சிலர் கேட்பர். அவருடைய பணப்பைக்காக நாம் இரங்கவில்லை. ஊதியம் பெரிதாயினும் சிறிதாயினும், ‘இவர்கள் என்னை வேண்டுகிறார்களா, பிறர் கொண்டுபோவதைத்தான் வெறுக்கிறார்களா?’ என்னும் ஐயம் மனிதர் நெஞ்சில் ஒரே அளவு முள்ளாகத் தைக்கிறது.

கழகங்களின் பக்கமும் நியாயம் உண்டு. அதனை மறைப்பது அறமாகாது. பத்தொன்பது வயதில் எடுத்து, ஆடப் பழக்கி, தோல்விகளைப் பொறுத்து வளர்த்தபின், செல்வம் மிக்க பெருநகரத்தார் வந்து அழைத்துச் செல்வாராயின் சிற்றூர்க் கழகம் என் செய்யும்? தீங்கை விலக்குவதற்காகவே ஷுஃப்ஆவும் விதிக்கப்பட்டது என்பர் சட்ட நூலார். ஆகவே உரிமையை நாம் குறை கூறவில்லை. அதனைப் பயன்படுத்தும் மனப்பாங்கையே எண்ணிப் பார்க்கிறோம்.

அம்மனப்பாங்கின் விளைவுக்கு மேலும் இரு சான்றுகள். யூட்டா ஜாஸ் கழகத்தின் கோர்டன் ஹேவர்டுக்கு 2014-இல் சார்லட் கழகம் நான்காண்டுக்கு 6 கோடியே 30 இலட்சம் டாலர் எழுதியது. யூட்டா ஈடு செய்தது. ஆனால் அம்முறியில் நான்காம் ஆண்டைத் துறக்கும் உரிமை ஆட்டக்காரரிடம் இருந்தது. 2017-இல் அவர் பாஸ்டனுக்குப் போய்விட்டார். டெட்ராய்ட் கழகத்தின் கிரெக் மன்றோ 2014-இல் வேறொரு வழியை மேற்கொண்டார். நெடிய ஒப்பந்தம் எதுவும் வேண்டாவென்று, ஓராண்டுக்குரிய 55 இலட்சம் டாலர் அளவிலான அக்குறைந்த ஊதியத்துக்கே ஆடி முடித்தார். காயமுற்றால் எல்லாம் போம் என்று தெரிந்தே அவ்வாறு செய்தார். 2015-இல் முழு விடுதலை பெற்று மில்வாக்கியில் மூன்றாண்டுக்கு 5 கோடி டாலர் அளவில் சேர்ந்தார். அவர் சென்றபோது டெட்ராய்ட் கழகத்துக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. உடலை நிறுத்தும் உரிமை தவணையோடு முடிகிறது; மனம் அதற்கு முன்னரே புறப்பட்டுவிடுகிறது.

திருக்குர்ஆனின் ‘கஸஸ்’ அத்தியாயத்தில் ஒரு பணி ஒப்பந்தம் கூறப்படுகிறது. மத்யன் நகரில் அடைக்கலம் புகுந்த மூஸா (அலை) அவர்களை, முதியவர் ஒருவர் தம் பணியில் அமர்த்துகிறார். அவர் ஷுஐப் நபி (அலை) என்பார் பலர். பணியில் அமர்த்தத் தக்கவர் வலிமையும் நம்பிக்கையும் உடையவரே என்று அவருடைய மகள் முதலில் எடுத்துரைக்கிறாள். அதன்பின் காலம் பேசப்படுகிறது. எட்டு ஆண்டுகள் கடமை; பத்தாக நிறைவு செய்வது பணியாளரின் விருப்பம். தாம் சிரமம் கொடுக்க எண்ணவில்லை என்றும் அம்முதியவர் சேர்த்துச் சொல்கிறார். இப்பகுதியைப் பல்லாண்டு ஓதிக் கொடுத்திருக்கிறோம். கூடைப்பந்து ஒப்பந்தங்களை அறிந்த பின்னரே அதன் ஒரு நுட்பம் நம் கண்ணில் முழுமையாகப் பட்டது. காலத்தை நீட்டும் விருப்புரிமை அங்கே அமர்த்துபவர் கையில் இல்லை. அமர்ந்தவர் கையில் இருக்கிறது. கூலியும் காலமும் ஐயமின்றித் தெரிந்திருத்தல் வேண்டும் என்று நம் இமாம்கள் வகுத்ததும், ஒருவர் மற்றவரின் தயவை எதிர்நோக்கி இருட்டில் நிற்கலாகாது என்பதற்காகவே.

நம் வாசகர்களுள் பலர் கடை நடத்துகின்றனர். பலர் மஹல்லா நிர்வாகத்தில் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு சொல். ஷஅபானில் பாட ஆண்டு முடிந்து, ஷவ்வாலில் தமக்கு இடம் உண்டா இல்லையா என்று அறியாமலே ஊருக்குப் பெட்டி கட்டும் உஸ்தாதுமார்களை நாம் கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு பெட்டி கட்டியதுண்டு. பத்தாண்டு தொழுவித்த இமாமின் ஊதியத்தைப் பற்றிய பேச்சு, அடுத்த ஊர் மஹல்லா அவரை அழைத்தது என்னும் செய்தி வந்த பிறகே எழுவதையும் கண்டிருக்கிறோம். அப்பொழுது விரைந்து கூடி, “அவர்கள் தருவதை நாமும் தருவோம்” என்று தீர்மானம் எழுதுவர். இமாமும் இருந்துவிடுவார். ஆனால் அவருடைய அருமையைத் தம் மஹல்லா அல்ல, அடுத்த ஊரே கண்டுபிடித்தது என்பதை அவர் மறவார்.

வைத்துக்கொள்ள விரும்புபவரை, பிறர் கேட்கும் முன்னரே கேட்டுவிடுங்கள். இவ்வாண்டு ஷஅபான் முடிவதற்கு முன் நம் இமாமிடமும், முஅத்தினிடமும், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதிடமும் சென்று, “அடுத்த ஆண்டும் தாங்கள் எங்களோடு இருத்தல் வேண்டும், ஊதியம் இவ்வளவு” என்று சொல்லிவிடுங்கள்.