அட்ரிப்யூட் செட்டும் ஆரஞ்சுப் பெட்டியும்

எக்ஸ்எஸ்எல்டின்னு சொன்னாலே "அதெல்லாம் இன்னுமா இருக்கு?"ன்னு கேக்கற பசங்க என் பக்கத்து சீட்டுலயே இருக்காங்க. இருக்குப்பா. எக்ஸ்எம்எல்ல எழுதின கையேட்டை பிடிஎஃப் ஆக்கற இடத்துல நிறையவே இருக்கு. புனேல நான் பொட்டி தட்டற ஆபீஸ்ல அதுதான் சோறு போடுது.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் அட்ரிப்யூட் செட். எழுத்து இந்த அளவு, நிறம் இது, ஓரக்கோடு இவ்வளவு தடிமன்னு பத்து விஷயத்தை ஒரு கட்டா கட்டி, அதுக்கு ஒரு பேர் வெச்சுடறது. வேணுங்கற இடத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போதும். 1999 நவம்பர்ல டபிள்யூ3சி வெளியிட்ட முதல் பதிப்புலேருந்தே இருக்கு. ஊர்லேருந்து வர்ற சாம்பார்ப் பொடி மாதிரின்னு வெச்சுக்கங்க. ஒரு தடவை அரைச்சாச்சுன்னா தினமும் மல்லி, மிளகான்னு தனித்தனியா அளக்க வேண்டாம்.

டைப் பண்ற வேலை மிச்சம், அவ்வளவுதானேன்னு கேட்டா, இல்லை. மெஷின் கையேடுகள்ல எச்சரிக்கைப் பெட்டி பாத்திருப்பீங்க. ஏஎன்எஸ்ஐ இசட்535ன்னு ஒரு அமெரிக்கத் தரம். அதுப்படி 'டேஞ்சர்' சிவப்பு: தவிர்க்கலைன்னா சாவு இல்லை பலத்த காயம். 'வார்னிங்' ஆரஞ்சு: அப்படி ஆகலாம். 'காஷன்' மஞ்சள்: சின்னக் காயத்தோட போகும். எங்க கைக்கு வந்த ஸ்டைல்ஷீட்டை எழுதின புண்ணியவான், பத்திக்குள்ள பெட்டி வந்தா ஒரு டெம்ப்ளேட், அட்டவணைக்குள்ள வந்தா இன்னொண்ணுன்னு எல்லாத்துலயும் நிறத்தை காப்பி பேஸ்ட் பண்ணி வெச்சிருந்தார். விளைவு, அட்டவணைக்குள்ள வந்த டேஞ்சர் எல்லாம் ஆரஞ்சு! கரண்ட்டை நிறுத்தாம மூடியைத் திறக்காதேங்கற வரி, ஆரஞ்சுல. நல்லவேளை, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சர்வீஸ் இன்ஜினியர் கண்ணுல பட்டுச்சு.

அதுக்கப்புறம் கோடு, இடைவெளி எல்லாம் ஒரு பொது செட்டுல போட்டோம். டேஞ்சர், வார்னிங், காஷன் மூணும் அந்தப் பொது செட்டை உள்ள கூப்பிட்டுக்கிட்டு, நிறத்தை மட்டும் தானே சொல்லும். ஒரு செட் இன்னொரு செட்டைக் கூப்பிடலாம். ஒண்ணையொண்ணு மாத்தி மாத்திக் கூப்பிட்டாதான் தப்பு.

இன்னொரு அழகு, இம்போர்ட். டாக்புக் ஸ்டைல்ஷீட்டெல்லாம் இதை நம்பித்தான் இருக்கு. மூலக் கோப்பைத் தொடாம, அதை இம்போர்ட் பண்ணின நம்ம கோப்புல அதே பேர்ல ஒரு செட் போட்டு நிறத்தை மட்டும் எழுதினா, ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துடும். மோதற இடத்துல மட்டும் நம்மளோடது ஜெயிக்கும்.

ஆனா எலிமெண்ட்லயே நேரா எழுதின அட்ரிப்யூட்டு, செட்டுல இருக்கறதை விட மேல. வசதிதான். ஆனா யாராவது அவசரத்துல ஒரு இடத்துல நிறத்தை எழுதிட்டா, பழைய கதை சத்தமில்லாம திரும்ப வந்துடும். அதனால பெட்டிகளுக்கான டெம்ப்ளேட்ல நேரடி நிறம் இருக்கான்னு ஒவ்வொரு பில்டுலயும் தேடிப் பாக்கறோம். அதே மாதிரி, ஸ்டைல்ஷீட்டுல நேரா எழுதின எஃப்ஓ பிளாக்கில் 'யூஸ் அட்ரிப்யூட் செட்ஸ்'க்கு முன்னாடி 'எக்ஸ்எஸ்எல்' ஒட்டு கட்டாயம். விட்டுட்டா எக்ஸ்எஸ்எல்டி வாயைத் திறக்காது, அதை சாதாரண அட்ரிப்யூட்டா நினைச்சு அப்படியே வெளியே தள்ளிடும்.

சாம்பார்ப் பொடி உவமை ஒரு இடத்துல உதைக்கும். பொடி ஒரு தடவை அரைச்சதுதான். செட்டு கூப்பிடற ஒவ்வொரு தடவையும், அப்போ கையில இருக்கற நோடை வெச்சுப் புதுசா அரைபடும். டெம்ப்ளேட்டோட உள்ளூர் வேரியபிள் மட்டும் அதுக்குத் தெரியாது, மேல்மட்டத்துல இருக்கறதுதான் தெரியும். புதுசா சேர்ற பசங்க முதல் வாரம் இங்கதான் மண்டையைப் பிச்சுக்குவாங்க.

தமிழ்க் கையேடு ஒண்ணு வந்தப்ப கைகொடுத்தது இந்தக் குணம்தான். இங்கிலீஷுக்கு வெச்ச வரி உயரத்துல நம்ம 'கீ'யோட சுழியும் 'கூ'வோட காலும் மேல் கீழ் வரியை இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பொது செட்டுக்குள்ள, நோடோட மொழி தமிழா இருந்தா வரி உயரத்தைக் கூட்டுன்னு ஒரு 'சூஸ்' போட்டேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூணு பெட்டியும் ஒரே நேரத்துல நிமிர்ந்து உக்காந்துச்சு.