திருப்பயணியின் பணப்பை

புனித இராயப்பரின் கல்லறை அமைந்த உரோமாபுரியை வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்டுவிட வேண்டும் என்பது நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் ஆவல். 2022 மே 15 அன்று நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் அங்கே புனிதராக உயர்த்தப்பட்டபின் இவ்வாவல் இன்னும் பெருகிற்று. 2024 டிசம்பர் 24 அன்று திறக்கப்பட்ட யூபிலிக் கதவு 2026 சனவரி 6 அன்று அடைக்கப்பட்டது. ஆயினும் பயண ஆவல் அடங்கிவிடவில்லை. அவ்வாறு புறப்படும் அன்பர்களுக்கு, நாம் சென்று கண்டவற்றுள் ஒன்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். அது கலையழகைப் பற்றியதன்று, பணப்பையைப் பற்றியது.

தைபர் நதிக்கரையிலிருந்து பேராலயத்தை நோக்கி அகன்ற வீதி ஒன்று நேராகச் செல்கிறது. அதன் முடிவில், பெர்னினி எழுப்பிய 284 தூண்கள் இரு கரங்களை விரித்து அழைப்பதுபோல் சதுக்கத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. பேராலயத்துள் நுழையக் கட்டணம் ஏதும் இல்லை. ஏழையும் செல்வனும் ஒரே வரிசையில் நின்று உட்செல்லுகின்றனர். ஆனால் அண்டையிலுள்ள போர்கோ பியோ என்னும் குறுகிய தெருவில் கால் வைத்ததும் வேறோர் உலகம் தொடங்குகிறது. செபமாலைகள், சுரூபங்கள், பதக்கங்கள் எனக் கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எங்கும் வங்கி அட்டையை ஏற்கும் சிறு எந்திரம் உண்டு.

அத்தெருக் கடை ஒன்றில், ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் பயணம் வந்திருந்த தாய் ஒருவர் ஊராருக்காகச் செபமாலைகள் வாங்கினார். அட்டையைக் கொடுத்ததும் எந்திரம் ஒரு கேள்வி கேட்டது: யூரோவில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயிலா? அந்நிய நாட்டில் நம் ரூபாயைக் கண்ட மகிழ்ச்சியில் அவர் விரலை நீட்டினார். "சாமி, நம்ம ரூபாயே தெரிகிறதே, இதையே தொடட்டுமா?" என்று குழுவை நடத்தி வந்த குருவானவரைக் கேட்டார். "வேண்டாம் அம்மா, யூரோவைத் தொடுங்கள்" என்றார் அவர்.

காரணம் யாது? ரூபாயைத் தெரிந்துகொண்டால், நாணயத்தை மாற்றும் உரிமை கடைக்காரரின் எந்திரத்தை நடத்தும் நிறுவனத்திற்குச் சென்றுவிடுகிறது. மாற்று விகிதத்தை அந்நிறுவனமே வகுத்து, தன் இலாபத்தையும் அதற்குள் அடக்கிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்தும் அதற்கு மேலும் இவ்வாறு கழிவதுண்டு. போதாக்குறைக்கு, வெளிநாட்டில் ரூபாயில் செலுத்தியதற்கென்று தனிக் கட்டணம் விதிக்கும் வங்கிகளும் நம் நாட்டில் உள்ளன. ஆகவே எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தெரிந்துகொள்ள வேண்டும். பணம் எடுக்கும் ஏ.டி.எம். எந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும், விடையும் அதுவே.

யூரோவில் செலுத்தினாலும் செலவு முற்றும் நீங்கிவிடுவதில்லை. நம் வங்கிகள் பல, வெளிநாட்டுச் செலவின்மீது நூற்றுக்கு மூன்றரை வரை கட்டணம் வைக்கின்றன. அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேரும். 1,00,000 ரூபாய் செலவிட்டால் கட்டணம் 3,500, வரி 630, ஆக 4,130 ரூபாய் கைவிட்டுப் போகிறது. நாற்பது பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் 50,000 ரூபாய் இவ்விதம் செலவிட்டால் இழப்பு 82,600 ரூபாய்! ஒரு பங்கின் ஏழைப் பிள்ளைகள் சிலரின் பள்ளிக் கட்டணத்திற்கு இத்தொகை போதுமன்றோ?

இதைத் தவிர்க்க வழி உண்டு. இக்கட்டணமே இல்லாத அட்டைகளைச் சில வங்கிகள் வழங்குகின்றன. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே விசாரித்துப் பெறலாம். யூரோவை முன்னதாகவே நிரப்பிச் செல்லும் பயண அட்டை மற்றொரு வழி. இத்தாலி, பிரான்சு, போர்த்துக்கல் ஆகிய மூன்றிலும் யூரோவே வழங்குவதால், உரோமை, லூர்து, பாத்திமா மூன்றுக்கும் அவ்வொரு நிரப்பல் போதும். ஆனால் யூரோ நிரப்பிய அட்டையைப் போலந்திலோ சுவிட்சர்லாந்திலோ நீட்டினால் மீண்டும் கட்டணம் முளைக்கும். நிரப்பும் நாளில் வங்கி கூறும் விகிதத்தை இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதும், தேவைக்கு மிஞ்சி நிரப்பாதிருப்பதும் நலம். மீந்ததைத் திரும்ப ரூபாயாக்கும்போது மறுபடியும் இழப்பு நேரும்.

ரொக்கம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். கிரெடிட் அட்டையால் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி ஏறத் தொடங்கும், அதை விலக்குக. டெபிட் அட்டையால் எடுப்பவர், ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டாதலால், சிறுகச் சிறுகப் பல முறை எடாமல் அளவறிந்து ஓரிரு முறை எடுப்பது நன்று. சுற்றுலாத் தெருக்களில் தனித்து நிற்கும் எந்திரங்களைவிட வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்தவையே பெரும்பாலும் மலிவானவை. இன்னொன்று: இந்திய ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டை இந்தியாவுக்குள் மட்டுமே செயற்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். திரும்பியதும் அடைத்துவிட வேண்டும்.

திருப்பயணியும் நாணய மாற்றமும் இன்று சந்தித்தவர்கள் அல்லர். எருசலேம் ஆலய வரியைத் தீர் நகரத்து வெள்ளிக் காசில் செலுத்த வேண்டியிருந்ததால், தொலைதூரத்திலிருந்து வந்த யூதர்கள் தங்கள் காசை அங்கே மாற்றிக்கொண்டனர். மாற்றுவோர் பெற்ற கழிவுக்குக் கிரேக்கத்தில் 'கொல்லுபோஸ்' என்று பெயர். நம் ஆண்டவர் கவிழ்த்த மேசைகளுக்கு உரியவர்களை அருளப்பர் குறிப்பிடும் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. நாணயம் மாற்றுவதே பாவமன்று. அதற்குக் கூலி உண்டு. ஆனால் அறியாதவரின் பக்தியை ஆதாயமாக்குவதை ஆண்டவர் பொறுக்கவில்லை.

உரோமையின் திரெவி நீரூற்றில் பயணிகள் எறியும் காசுகள் திரட்டப்பட்டு, உரோமை மறைமாவட்டக் காரித்தாஸ் வழியாக ஏழைகளுக்குச் சேர்கின்றன. விளையாட்டாய் எறிந்த காசும் பசித்தவனுக்குச் சோறாகிறது. அறியாமையால் கழிந்த காசோ எந்த ஏழைக்கும் உதவுவதில்லை. இறைவன் தந்த பொருளுக்கு நாம் உரிமையாளர் அல்லர், கண்காணிப்பாளரே என்பது நம் விசுவாசம். ஆதலால் அன்பர்களே, பயணத்திற்காக நவநாள் செபம் தொடங்கும் வாரத்திலேயே வங்கிக்கும் ஒரு முறை சென்று வாருங்கள். மிஞ்சும் தொகையில் ஒரு பங்கை ஏழைக்கென்று எடுத்து வையுங்கள்.