ஆயிரம் பொய்யும் ஒரு தலைவலியும்

'ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடித்து வை' என்பது நம் நாட்டுப் பழமொழி. வாய்மையே அறம் என்று பள்ளியில் படித்த நாமே, மணப்பந்தலுக்கு மட்டும் ஆயிரம் பொய்களுக்கு அனுமதி வழங்கியிருக்கிறோம். இது முறைதானா? சென்ற கோடை விடுமுறையில் இக்கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

என் வீடு கொல்கத்தாவில், கார்டன் ரீச்சில் இருக்கிறது. அங்குள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில்தான் தந்தையாருக்குப் பணி. ஹுக்ளி ஆற்றிலிருந்து கப்பல்களின் ஊதல் கேட்கும் மாலை நேரங்களில், என் அத்தைக்கு வங்காள நாடகம் ஒன்றைத் தமிழாக்கிச் சொல்லி வந்தேன். அது தாகூரின் 'சிரகுமார் சபா'. 1900-ஆம் ஆண்டில் 'பாரதி' இதழில் தொடராக வரத் தொடங்கி, 1925-இல் ஸ்டார் தியேட்டரில் நாடகமாக மேடையேறிய நகைச்சுவைப் படைப்பு.

வாழ்நாள் முழுதும் மணம் செய்துகொள்வதில்லை என்று விரதம் பூண்ட இளைஞர்களின் சங்கம் ஒன்று. மணமாகாத தங்கையர் இருவர் உள்ள வீடு ஒன்று. அவ்வீட்டின் இளம் விதவை சைலபாலா, ஆண்வேடம் புனைந்து, 'அபலாகாந்தன்' என்ற பெயருடன் அச்சங்கத்தில் உறுப்பினளாகிறாள். கிழவர் ரசிகர் அவளுக்குத் துணை. சிறு சிறு பொய்களால் ஸ்ரீசனும் விபினனும் அவ்வீட்டுப் பக்கம் இழுக்கப்படுகிறார்கள். முடிவில் விரதம் கலைகிறது. தங்கையருக்கு மாலை விழுகிறது.

கேட்டுக்கொண்டிருந்த அத்தை சிரித்தார். "நம்ம வள்ளி திருமணம் மாதிரியே இருக்கே!" என்றார். உண்மைதான். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்திலும் பொய்க்குப் பஞ்சமில்லை. முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். போதாதென்று அண்ணன் விநாயகனையும் யானையாக்கி அழைக்கிறான். விடிய விடிய ஊரே கண்டு மகிழ்ந்த பொய்கள் அவை!

இப்பொய்களை நாம் ஏன் மன்னிக்கிறோம்? எனக்குத் தோன்றியது இது. சைலபாலா ஏமாற்றுவதற்கு முன்பே அந்த இளைஞர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய விரதம்தான் பெரிய பொய். அவளது சின்னப் பொய் அதை உடைத்தது. முள்ளை முள்ளால் எடுப்பது போல! எடுத்த முள்ளைக் கையிலேயே வைத்துக்கொள்பவன் வஞ்சகன். எறிந்துவிடுபவனே காதல் நாடகத்தின் நாயகன்.

இந்த விளக்கத்தைப் பெருமையுடன் அத்தையிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அது சரிடா. முருகனுக்காக யானையா வர ஒரு அண்ணன் இருந்தான். அந்த சைலாவுக்காக ஒரு பொய் சொல்ல அந்த வீட்டிலே யாருமே இல்லையா?"

நான் வாயடைத்துப் போனேன். வித்தியாசாகர் அதே நகரத்திலிருந்து பாடுபட்டு, விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது 1856-இல். நாடகக் கதை பிறந்தபோது அதற்கு நாற்பது வயது கடந்துவிட்டது. ஆயினும் மற்றவர்களுக்கு மணம் கூட்டி வைத்த சைலாவின் மணம் பற்றி அங்கே பேச்சில்லை.

என் அத்தையும் இளமையிலேயே கணவரை இழந்தவர். என் அக்காவுக்கு வரன் பார்த்தவர், பிள்ளை வீட்டாரிடம் "எங்க பொண்ணு சமையலிலே புலி" என்று கூசாமல் பொய் சொன்னவர், எல்லாம் அவர்தான். ஆனால் முகூர்த்த வேளையில் தலைவலி என்று பின்னறையில் படுத்துவிட்டார். நானே மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளாக அதை நம்பியும் இருந்தேன்.

"அத்தை, அந்தத் தலைவலி...?" என்றேன்.

"ஆயிரத்திலே அதுவும் ஒண்ணு" என்று சொல்லி, விளக்கேற்ற எழுந்து போனார்.

நண்பர்களே! வருகிற தை மாதம் என் அண்ணன் திருமணம். தாலியை ஆசீர்வாதத்திற்காகச் சுற்றிக் கொண்டுபோகும் தட்டு முதலில் அத்தையின் கைக்குத்தான் போகவேண்டும் என்று வீட்டுக்கு எழுதியிருக்கிறேன். அண்ணன் சம்மதித்துவிட்டான். பெரியவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். இதற்காக மட்டும் ஒரு பொய்யும் சொல்வதாக இல்லை.