மூச்சும் முஸல்லாவும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது இடுப்பைப் பிடித்த வலி என்னைக் கதிரையில் இருத்திவிட்டது. அன்றிரவு தொழுகையில் ருகூஉவுக்குக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தினமும் கிராமத்துப் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருபவன் நான். எலும்பில் கோளாறில்லை, தசைதான் இறுகியிருக்கிறது என்றார் டொக்டர். ஆசிரியர் கலாசாலையில் மாணவரின் உடல் உள விருத்தி பற்றி நிறையப் படித்தோம். ஆசிரியன் தன் உடம்பை எப்படிப் பேணுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்கு அப்பால் நான் குடியிருக்கும் ஒழுங்கையில், அயல்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், சைவர். என் நடையைக் கண்டுவிட்டு, "தம்பி, விடிய எங்கடை விறாந்தைக்கு வாரும். ரெண்டு ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் காட்டித் தாறன்" என்றார்.

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அது அவங்கட வணக்கமல்லவா மகன்?"

இது உம்மாவின் கேள்வி மட்டுமல்ல. 2008இல் மலேசியாவின் தேசிய பத்வாக் குழு, மந்திரமும் வழிபாடும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. மந்திரமில்லாத உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லாஹ் அஹமது பதாவி பின்னர் விளக்கினார். 11ஆம் நூற்றாண்டிலோ அறிஞர் அல்பிரூனி பதஞ்சலியின் யோக நூலை அறபியில் தந்தார். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் சூபி ஞானமும் யோகச் சொற்களும் கலந்தே கிடக்கின்றன.

மௌலவியிடம் கேட்டேன். "மந்திரமில்லாம, உடம்புக்கென்று செய்தால் நான் தடுக்க மாட்டேன். நிய்யத்தைச் சுத்தமா வையுங்க" என்றார். மாஸ்ரரிடம் சொன்னபோது அவர் சூரிய நமஸ்காரத்தைத் தானாகவே விட்டுவிட்டார். "மிச்சம் கனக்கக் கிடக்கு தம்பி" என்று சிரித்தார்.

பூனைபோல் முதுகை வளைப்பது, புஜங்காசனம், கடைசியில் சவாசனம். சில மாதங்களில் ருகூஉ இலகுவாயிற்று. நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலத்தக்கவற்றுள் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் சேர்த்திருக்கிறது. ஆனால் அது சர்வரோக நிவாரணியல்ல. என் பிரஷர் குளிசையை நான் நிறுத்தவில்லை.

உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீட்டினால் இதயத் துடிப்புத் தணியும். ஒருநாள் சவாசனத்தில் அப்படிக் கிடந்தபோது என்னையறியாமல் கண்ணீர் வழிந்தது. 1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் எங்களை வெளியேறச் சொன்ன நாள். எட்டு வயதில் வாப்பாவின் விரலைப் பிடித்தபடி நடந்தேன். புத்தளத்து அகதி முகாமிலும், யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பின்னும், இரவில் வாகனச் சத்தம் கேட்டால் என் மூச்சு நின்றுவிடும். நெஞ்சில் அடைத்திருந்தது எதுவென்று அன்றுதான் விளங்கியது.

மாஸ்ரர் காரணம் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "நாங்களும் அண்டைக்கு வாய் திறக்கேல்லைத் தம்பி" என்றார். ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் அவரும் நடந்தவர். இருவரும் பேசாமல் தேநீர் குடித்தோம்.

யோகா எனக்கு இறைவனைக் காட்டியது என்று சொல்லமாட்டேன். அதற்குத் தொழுகை இருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் ஸுஜூதில் நெற்றி முஸல்லாவில் இருக்கும், மனம் எங்கோ ஓடும். இப்போது நெற்றியோடு மனமும் சற்று நேரம் தங்குகிறது.

முழங்கால் வலியால் கதிரையிலிருந்து தொழும் உம்மா, போன நோன்பில் ஸுபஹுக்குப் பின் மெதுவாகக் கேட்டா:

"மகன், அந்த மூச்சு விடுறதை எனக்கும் காட்டித் தாவன்."