கன அடிக் கணக்கு

ட்ரெக்கிங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹாஸ்டல் கேங், வாடகை பைக், மலை உச்சியில் கையை விரித்து ஒரு ரீல்ஸ். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் போன முதல் ட்ரெக் அம்மா, அப்பா, ஏழாவது படிக்கிற தங்கச்சி, அப்புறம் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய புளிசாதம். சிரிக்காதீங்க, கொஞ்சம் கேளுங்க.

எங்க அப்பாவுக்கு ஊரில் சின்னதாக ஒரு மர மில். போன பிப்ரவரியில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்பா நடக்கவில்லை. மில்லைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான். கேட்டால், "தெருவுல இறங்குனா நாலு பேரு நிறுத்தி, இப்ப எப்படீங்க இருக்குதுன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லி மறுபடி நோயாளி ஆகோணுமா?" என்பார். யாருமே கேள்வி கேட்காத இடம் எங்கே இருக்கிறது? காட்டில்தானே!

அப்படித்தான் ஆயுத பூஜை லீவில் டாப்ஸ்லிப் போகலாம் என்று ஆரம்பித்தேன். அம்மா விடவில்லை. "ஏதாவது ஒண்ணுன்னா பொள்ளாச்சிதான கண்ணு வரோணும்? முப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஆச்சே" என்றார். நியாயமான கேள்வி. டாக்டரிடமே போய்க் கேட்டோம். மேடு ஏறாத பாதையாக இருந்தால் போகலாம், சாப்பிட்ட உடனே நடக்க வேண்டாம், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்றார். நான் என் ஸ்மார்ட் வாட்ச்சைக் காட்டி, "ஹார்ட் ரேட் எவ்வளவு வரை போகலாம் சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அப்பா சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று இதயத் துடிப்பைக் குறைத்துப் பிடித்து வைக்கிற வகையாம். அதனால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. "நடந்துக்கிட்டே பேச முடியுதான்னு பாருங்க. பேச முடிஞ்சா வேகம் சரி. பேச்சு நின்னா, நீங்களும் நில்லுங்க." இன்ஸ்ட்ருமென்டேஷன் லேபில் இரண்டு செமஸ்டர் கற்றுக்கொள்ளாததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

சேத்துமடை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதித்தார்கள். புளிசாதத் தூக்கு பாஸ். தங்கச்சியின் சிப்ஸ் பாக்கெட் ஃபெயில். மேலே போய்ப் பணம் கட்டியதும் வனத்துறை வழிகாட்டி ஒருவரைக் கூட அனுப்பினார்கள். அவர் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. புலிகள் காப்பகம் அது, நம்ம காலேஜ் கிரவுண்டு இல்லை. எங்களுக்கு வந்தவர் மலசர் சமூகத்தைச் சேர்ந்த ஐம்பது வயசுக்காரர். பரம்பரையாக யானை பழக்குகிறவர்கள். அவருடைய அண்ணன் கோழிகமுத்தி முகாமில் மாவுத்தனாம். தங்கச்சியின் மஞ்சள் துப்பட்டாவைப் பார்த்து, "அதை பைக்குள்ள வெச்சுரு பாப்பா" என்றார். சென்ட் அடித்திருக்கிறோமா என்று மோந்து பார்க்காத குறைதான். கால் விரல் இடுக்கில் எல்லாம் உப்பும் மூக்குப்பொடியும் தடவச் சொன்னார், அட்டைக்காக. (அப்படியும் எனக்கு மூன்று கடித்தன. பிடுங்கக் கூடாது, உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.) கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள்: "உள்ள போனா யாரும் பேசக்கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசினால்தானே அப்பா நன்றாக இருக்கிறாரா என்று தெரியும்!

தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "சரி, முணுமுணுன்னு மட்டும் பேசிக்கட்டும். எனக்கு அடுத்தாப்புல அவரு வரட்டும். அவரு நடக்கற நடைதான் எல்லாருக்கும் நடை" என்றார். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவாக நடக்கிறவரைக் கடைசியில் விட்டால் அவர் ஓடி ஓடியே களைத்துவிடுவார்.

அப்பா என்ன முணுமுணுத்தார் தெரியுமா? கன அடி. முப்பது வருஷமாகத் தேக்கை அறுத்தவர், ஆனால் தேக்கு நிற்கிற காட்டைப் பார்த்ததே இல்லை. மரக் கணக்கு ரொம்ப சிம்பிள்: சுற்றளவை நாலால் வகுத்து, அதை ஸ்கொயர் பண்ணி, நீளத்தால் பெருக்க வேண்டும். "நாலடி சுத்து, முப்பதடி நீளம்... முப்பது கன அடி. இது ஆறடி, நாப்பதடி... தொண்ணூறு." (வட்டத்தின் பரப்போடு ஒப்பிட்டால் இந்த ஃபார்முலா 21 சதவீதம் குறைத்துக் காட்டும். அதை அறுப்புச் சேதாரத்துக்கு விட்டுக்கொடுத்த கணக்காம். கணக்கு வாத்தியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.) வழிகாட்டி திரும்பித் திரும்பி முறைத்தார். அவர் பிறந்து வளர்ந்த காட்டுக்கு ஒருவர் விலை போட்டுக்கொண்டே வந்தால் முறைக்காமல் என்ன செய்வார்? எனக்கோ அந்த முணுமுணுப்பு கேட்கக் கேட்க நிம்மதி.

டாப்ஸ்லிப் என்ற பெயரே மரத்தால் வந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்தில் மேலே வெட்டிய தேக்கை மலைச் சரிவில் சறுக்கி விட்டுக் கீழே கொண்டுபோனார்கள். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் போய் மலை மொட்டையான பிறகு, ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். மரத்தை வேரோடு எடுக்காமல், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கிற மாதிரி வெட்ட வைத்தார். நடக்கிற இடமெல்லாம் கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். 1933-இல் இறந்தவருக்கு அவர் கேட்டபடியே இங்கேதான் சமாதி. வழிகாட்டி இதைக் கிசுகிசுத்தபோது அப்பா, "கட்டைக் கரும்பு மாதிரிங்களா?" என்றார். "அதேதாங்க." அதற்குப் பிறகு முறைப்பு நின்றது. ஒரு இளந்தேக்கு இலையைக் கிள்ளி அப்பா உள்ளங்கையில் தேய்த்துவிட்டார். கை முழுக்க ரத்தச் சிவப்பு. அறுத்த தேக்கை மட்டுமே தொட்டவருக்கு இது புதுசு.

சுமார் முக்கால் மணி நேரம் போயிருப்போம். தொண்ணூறு, அறுபத்திரண்டு, நாப்பத்தஞ்சு... திடீரென்று எண் நின்றுபோனது.

நான் கடைசி ஆள். முன்னால் அப்பாவின் முதுகுதான் தெரிகிறது. அது அசையவில்லை. அம்மாவின் கை என் கையை இறுக்கியது. பேச்சு நின்றால் நில்லுங்கள் என்றார் டாக்டர், நின்ற பிறகு என்ன செய்வது என்று கேட்டேனா? மாத்திரை எந்தப் பையில், வலதா இடதா? அம்மாவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தேன். வழிகாட்டி திரும்பாமலேயே உள்ளங்கையைப் பின்னால் காட்டினார். நில்!

அப்பாவின் தோளுக்கு மேலே பார்த்தேன். இருபது முப்பது அடி தூரத்தில் மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள், மற்றதெல்லாம் கருப்பு. எங்களைப் பார்த்து ஒரு தடவை மூச்சு விட்டது, அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. அப்பா மூச்சே விடவில்லை. ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, வாட்ச்சைப் பார்க்கத் தோன்றவில்லை. அது தலையை ஆட்டிவிட்டுப் புதருக்குள் போனது. பின்னாலேயே ஒரு கன்று.

கன்று இருப்பதால் இதற்கு மேல் போக வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். பாதிப் பாதையில் திரும்பினோம். தங்கச்சிக்குக் கோபம், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்பா நடந்துகொண்டே மெல்லச் சொன்னார்: "அதுக்கு எத்தனை எடை இருக்கும் தம்பி? ஒரு டன்னுக்குக் கொறையாது." எண் திரும்ப வந்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்ததை அட்டைக்கடி மேல் பழி போட்டேன்.

புளிசாதத்தை நாங்கள் நாலு பேரும் வழிகாட்டியும் சேர்ந்து வரவேற்பு மையத்துக்கு வெளியே உட்கார்ந்து முடித்தோம். குரங்கு ஒன்று எங்கள் தூக்கு மூடியை எடுத்துக்கொண்டு ஓடியது வேறு கதை.

மறுநாள் காலை அப்பா திண்ணையில் இல்லை. அம்மா பதறி எழுப்பினார். வண்டி எடுத்துக்கொண்டு தேடிப் போனால், மில்லில் நிற்கிறார், நடந்தே போயிருக்கிறார், ஒன்றரை கிலோமீட்டர். வேலை செய்கிற அண்ணன்கள் சுற்றி நிற்க, உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு பாதி போய்விட்டது. "இப்ப எப்படீங்க இருக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"பாதி தூரந்தான் போனோம். மீதிக்குப் பொங்கலுக்குப் போறோம்" என்றார் அப்பா.